எங்க நோவுது, சொல்லு

கூரியரில் வந்த அட்டைப்பெட்டியை மருமகன்தான் பிரித்தார். உள்ளே ஒரு கண்ணாடி பாட்டிலில் பிரசவ லேகியம். மூடியில் நூல் சுற்றி, பக்கத்தில் சிரிக்கும் குழந்தைப் படம் ஒட்டியிருந்தார்கள், விலையும் கொஞ்சநஞ்சமில்லை. திறந்ததுதான் தாமதம், சுக்கும் திப்பிலியும் ஓமமும் நல்லெண்ணெயில் வெந்த வாசனை தாம்பரத்துப் பிளாட்டின் ஹால் முழுக்க நிறைந்துவிட்டது. "என்ன அத்தை, இதையா சாப்பிடணும்?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். உள்ளே பச்சை உடம்போடு படுத்திருந்த என் மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெருமுக்கல்லில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறைக்குள் போய்விட்டிருந்தேன். பனைவெல்லப் பாகு கொதிக்கிறது, கதவிடுக்கில் புகை வருகிறது, உள்ளே அம்மா முனகுகிறாள், பக்கத்தில் மருத்துவச்சி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்.

'இருக்கிறார்' என்று இப்போது எழுதுகிறேன். அன்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட அவரை "வா, போ" என்றுதான் பேசும்.

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் இருக்கிறது பெருமுக்கல். வெளியூர்க்காரர்களுக்கு மலையைச் சொன்னால்தான் தெரியும். மேலே சோழர் காலக் கல்வெட்டுகளோடு ஒரு சிவன் கோயில். பாறையில் எந்தக் காலத்திலோ எவரோ கீறிவைத்த உருவங்கள். இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் ஹைதர் அலியும் அடித்துப் பிடித்த கோட்டையின் மிச்சம். இத்தனையும் இருந்தாலும் எங்களுக்கு அந்த மலை என்றால் கல்லுடைக்கிற வேட்டுச் சத்தம்தான். வேட்டு வைத்தால் தூளியில் தூங்குகிற குழந்தை திடுக்கிட்டு அழும்.

மலையில் ஒரு குகை உண்டு. சீதை லவனையும் குசனையும் பெற்றது அங்கேதான் என்று ஊரில் சொல்வார்கள். கார்த்திகைக்கு மலையேறும்போது என் தாத்தா அந்தக் கதையைச் சொல்ல, கூட வந்த மருத்துவச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "எல்லாஞ் சொல்றீங்க பெரியவரே. சீதைக்கு யாரு கொயந்த எடுத்தது? ரெட்டப் புள்ள. ஒரு மருத்துவச்சி இல்லாமலா ஆச்சு?" தாத்தாவிடம் பதிலில்லை. இன்றுவரை எனக்கும் அகப்படவில்லை.

அவருக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி, புருஷன் செத்து, மாமியாரிடமிருந்து கைவேலையைக் கற்றுக்கொண்டவர். தெருவில் பாதிப் பேர் அவர் கையில் விழுந்தவர்கள்தான், நானும். கருவியென்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சுருக்குப்பை, கொஞ்சம் விளக்கெண்ணெய், நைந்த வேட்டித்துணி. தொப்புள்கொடியை அறுக்கப் புது பிளேடுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். திண்டிவனத்து நர்சம்மா ஒருவர் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தாராம். கூலி ஒரு மரக்கால் நெல், வெற்றிலை பாக்கில் வைத்துக் கொஞ்சம் சில்லறை, தலைச்சன் பிள்ளையென்றால் ஒரு புடவை. பெண் பிறந்த வீடுகளில் மரக்கால் பாதியாகும். அப்போது வாசலில் நின்று எல்லார் காதிலும் விழும்படி கேட்பார்: "பொட்டப் புள்ளைக்கு மட்டும் எங் கை பாதி வேலதான் செஞ்சுதா?" மீதி நெல் வந்து விழாமல் நகர மாட்டார்.

என் தம்பி பிறந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மாவுக்குச் சாயந்திரமே நோவு கண்டுவிட்டது. எங்கள் ஆயா, அப்பாவைப் பெற்றவள், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். ஒன்பது பெற்றவள். ஐந்தாவதை நிலக்கடலைக் கொல்லையில் பெற்றுவிட்டு மறுநாளே களையெடுக்கப் போனதாக அவளே சொல்லிக்கொள்வாள். அம்மா மரக்காணத்து உப்பளக்காரர் வீட்டுப் பெண், ஒல்லியான உடம்பு. ஒவ்வொரு தடவை அம்மா கத்தும்போதும் ஆயாவின் குரல் அதற்கு மேல் எழும்பும்: "நான் ஒம்பது பெத்தவடி. ஒரு தபா வாயத் தொறந்தேனா? இதுக்கே இந்தக் கூப்பாடா?"

பிறகு மருத்துவச்சி வந்தார். கையைக் கழுவி, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து, அம்மாவின் இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்துக் கேட்டது இதுதான்:

"எங்க நோவுது, சொல்லு. முதுகுலயா, அடிவயித்துலயா? வந்து வந்து போவுதா, ஒரேயடியா நிக்குதா?"

அம்மா சொன்னாள். அவர் கேட்டார். மறுபடி கேட்டார். நான் வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேள்வியும் பதிலுமாக அந்த இரவு கழிந்தது. முதுகை நீவிவிட வேண்டுமா, வேண்டாமா, நடக்க முடியுமா, உட்கார்ந்தால் தேவலையா. எல்லாவற்றையும் அம்மாவிடமே கேட்டார். ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாத்துக்கு அவளயே கேட்டுக்கினு இருக்க? அவளுக்கு இன்னா தெரியும்? எனக்குத் தெரியாததா?" மருத்துவச்சி தலைகூட நிமிரவில்லை. "ஒங்களுக்குத் தெரியும் தாயே. நான் பெத்தவளா? எனக்குத் தெரியாது. கேட்டாத்தான் தெரியும்."

ஆயா கெட்டவள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவளைப் போல ஒரு நியாயஸ்தியை நான் கண்டதில்லை. கொல்லையில் வேலை செய்கிறவர்களுக்கு ஊற்றுகிற கூழையேதான் அவளும் குடிப்பாள். பொங்கலுக்குப் பெண்களுக்கு எடுக்கிற புடவை எந்த விலையோ, மருமகளுக்கும் அதே விலை. ஒரு ரூபாய் ஏறாது, இறங்காது. பிச்சைக்காரன் வந்தால் நேற்றைய சோறு போட மாட்டாள். "நான் திங்காதத அவனுக்கு ஏன் போடணும்?" என்பாள். பிறரைத் தன்னைப் போல் நடத்து என்று வேதங்களும் பெரியவர்களும் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தவள் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான்.

சிக்கல் அங்கேதான். அவள் தன்னை நடத்தியது ரொம்பக் கொடுமையாக. காய்ச்சல் வந்தால் படுக்க மாட்டாள். அதனால் அந்த வீட்டில் யாரும் படுக்க முடியாது. எனக்கு அம்மை போட்டிருந்தபோது மட்டும்தான் விட்டாள், அதுவும் மாரியாத்தாவுக்குப் பயந்து. பிள்ளை பெற்ற உடம்பு தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், ஜன்னி வரும் என்று அவளை அவள் மாமியார் வாட்டியிருக்கிறாள். அதே பத்தியத்தை அவள் அம்மாவுக்கு வைத்தாள். ஒரு நாளைக்கு ஒரு சின்ன லோட்டா வெந்நீர், அதோடு சரி. சித்திரை வெயிலில் அம்மாவின் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

மருத்துவச்சி தினம் காலையில் தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்ட வருவார். நொச்சி இலை போட்டு அண்டாவில் வெந்நீர் கொதிக்கும். பிள்ளையை நீட்டிய கால்மேல் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, தலையைப் பிடித்து உருட்டி, சாம்பிராணிப் புகை காட்டி ஆயாவின் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். அடுத்தது அம்மாவின் முறை. கீற்றுத் தடுப்புக்குள் நான் தண்ணீர் மொண்டு கொடுக்கிற உதவிக்கு நிற்பேன். ஒருநாள் தடுப்புக்குள் மறைவாக அவர் தன் மடியிலிருந்து ஒரு பித்தளைக் குவளையை எடுத்தார். சீரகம் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்து மடியில் மறைத்திருந்தது. அம்மா குடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, மாடு குடிப்பது போல. "மெதுவா, மெதுவா" என்று முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து ஒரு விரலை உதட்டில் வைத்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆயா செத்த பிறகுதான் அப்பாவிடம் சொன்னேன்.

என் தாத்தா வேறு ரகம். மாமிசம் தின்னுகிற தெருவில் மாமிசம் தொடாத ஒரே மனிதர். வள்ளலார் ராமலிங்க சுவாமிகளின் வழியில் வந்தவர். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஒரு மூட்டை அரிசியோடு திண்டிவனம் போய், விழுப்புரம், பண்ருட்டி வழியாக பஸ் மாறி மாறி வடலூர் போய்ச் சேருவார். என்னையும் ஒரு தடவை கூட்டிப் போனார். கூட்டத்தில் ஜோதி எனக்கு எட்டவில்லை, தாத்தாவின் தோளில் இருந்த அரிசி மூட்டையின் வாசனைதான் எட்டியது. ஆனால் தருமசாலையின் அடுப்பைப் பார்த்தேன். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு, இன்றுவரை அணையவிட்டதில்லை. பார்வதிபுரத்து ஜனங்கள் 80 காணி நிலம் எழுதிக் கொடுத்து நடக்கவைத்த சாலை. யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் இலை போடுகிறார்கள்.

வள்ளலார் சொன்னதைத் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்குவார். எல்லா உயிரும் ஒரே கடவுளிடமிருந்து வந்தவை, அதனால் உடன்பிறப்புகள். கூடப்பிறந்தவனுக்குப் பசித்தால் நமக்குக் கேளாமலே மனசு உருகுகிறதே, அந்த உருக்கந்தான் ஜீவகாருண்யம். பசியை நீக்குவதும் கொலையைத் தடுப்பதும் அதில் உயர்ந்தது. நோய், தாகம், பயம், ஏழ்மை இவற்றை நீக்குவது அதற்கடுத்தது. இந்த வரிசை எனக்கு அப்போதே பிடித்திருந்தது. பசிக்கு முன்னால் 'என்னைப் போன்றவனா' என்கிற பேச்சே இல்லை.

ஆனால் அதே வள்ளலார் உயிர்க்கொலையும் புலாலும் விட்டவர்களை அக இனத்தார் என்றும், விடாதவர்களைப் புற இனத்தார் என்றும் பிரித்தார். புற இனத்தாருக்குப் பசியாற்றுவதோடு நிறுத்திக்கொள், அதற்கு மேல் நெருக்கம் வேண்டாம் என்பது அவருடைய கட்டளை. தாத்தா இதையும் அப்படியே பின்பற்றினார். மருத்துவச்சிக்குத் திண்ணையில் இலை போட்டுச் சோறு உண்டு. ஆனால் அவர் வீட்டுப் பக்கம் தாத்தா போக மாட்டார். மரக்காணத்துக் கருவாடு எந்நேரமும் அங்கே வெயிலில் காயும். "ஒனக்குச் சோறு போடுவேன். ஒன் அடுப்பாண்ட மட்டும் வர மாட்டேன்" என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார். மருத்துவச்சி மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார்: "வராங்காட்டிப் போங்க பெரியவரே. ஒங்க பேரன இழுத்து வெளிய வுட்டது இந்தக் கருவாட்டுக் கைதான்." தாத்தா வாய்விட்டுச் சிரித்தார். மறுநாளும் கருவாட்டுப் பக்கம் போகவில்லை.

பிற்பாடு ஆசிரியைப் பயிற்சி முடித்து, புத்தகங்கள் படித்து, நானும் பெரிய கேள்விகளைக் கேட்கத் தொடங்கினேன். பிறரைத் தன்னைப் போல நடத்துவதும் நிபந்தனையில்லாத அன்பும் ஒன்றுதானா? ஒன்று என்றால், என் ஆயாவிடம் அந்த அன்பு ததும்பியிருக்க வேண்டும். தாத்தாவிடமும் இருந்திருக்க வேண்டும். இருந்தது, ஒரு எல்லை வரை. ஆயாவின் எல்லை 'நான் தாங்கினேன்' என்பது. தாத்தாவின் எல்லை கருவாடு. மருத்துவச்சிக்கும் எல்லை இல்லாமலில்லை, மரக்கால் குறைந்தால் சண்டைக்கு வருவார். ஆனால் அவருடைய கணக்கு கூலியைப் பற்றியது. யாருக்கு வேலை செய்கிறோம் என்பதில் அவர் கணக்குப் பார்த்ததில்லை.

பார்க்கவில்லை என்பதை ஊரே ஒருமுறை கண்டது. காலனிக்குத் தனியாக ஒரு மருத்துவச்சி உண்டு. வழக்கம் அப்படி. ஊர்த் தெருவுக்கு ஒருத்தி, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி. ஒரு மழை இரவில் அங்கே ஒரு பெண்ணுக்குப் பிள்ளை குறுக்கே கிடந்துவிட்டது. அந்த மருத்துவச்சி இவருக்கு ஆளனுப்பினார். இவர் போனார். விடியும்போது பிள்ளையைத் திருப்பி எடுத்துவிட்டு வந்தார். குளித்து, ஈரத்தலையோடு கிணற்றடியில் நின்றவரிடம் எங்கள் தெருப் பெண்கள், "அங்க தொட்ட கையோட இங்க வராத" என்றார்கள். சொன்னவர்களில் எனக்கு வேண்டியவர்களும் உண்டு. "சரி. நோவு எடுத்தா எனக்கு ஆள் அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மாதமே, சொன்ன வீட்டிலிருந்தே ஆள் போயிற்று. அவர் வந்தார். எங்கள் அம்மா கேட்டதற்கு, "கோவம் கெழவிங்க மேல. அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சி?" என்றாராம். பிரசவ அறைக்குள் அவர் தொடாத இடமில்லை. பதினாறாம் நாள் புண்ணியதானம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட பிறகு நடைக்கு இந்தப் பக்கம் அவருக்கு இடமில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலப் பிரசவம்தான் பிரசவம் என்று இப்போது பேஸ்புக்கில் உருகுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. எல்லாப் பிரசவமும் நல்லபடியாக முடிந்துவிடவில்லை. பிள்ளையின் கை முதலில் வந்த ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் ஏற்றித் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. மருத்துவச்சி அன்றிலிருந்து பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லுவாள்.

அவருக்கு வயதாகி, வயிற்றில் கட்டி வந்தது. நான் அப்போது வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். வேலூருக்கு அழைத்துப் போனேன். எங்கள் பக்கத்தில் பெரிய வியாதி என்றால் வேலூர்தான். ஓ.பி. வராந்தாவில் சீட்டு எழுதிய வயதான நர்ஸ் ஒருவர் "எந்த ஊர்?" என்று கேட்டார். திண்டிவனம் பக்கம் என்றதும் பேனாவை வைத்துவிட்டார். "எங்க ஆஸ்பத்திரி பொறந்ததே உங்க ஊர்லதாம்மா."

அவர் சொன்ன கதை வேலூரில் எல்லாருக்கும் மனப்பாடம். திண்டிவனத்தில் யாருக்கும் தெரியாது. ஐடா ஸ்கட்டர், 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண். தாத்தா காலத்திலிருந்தே குடும்பத்தில் மிஷன் டாக்டர்கள். இந்தியாவே வேண்டாம் என்று அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், 1890-களில் நோயாளித் தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தார். ஒரு ராத்திரி பங்களாக் கதவைத் தட்டி ஒரு பிராமணர் வந்தார். மனைவிக்குப் பிரசவம் சிக்கல். ஐடா தனக்கு ஒன்றும் தெரியாது, அப்பா ஜான் ஸ்கட்டர்தான் டாக்டர் என்றார். அன்னிய ஆண் என் மனைவியைத் தொடக் கூடாது என்று அவர் திரும்பிப் போனார். அடுத்து ஒரு முஸ்லிம், அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு சாதி இந்து. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள். ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூர் வந்து ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். 1902-ல் பெண்களுக்கான ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1960-ல் இறக்கும்வரை இந்தியாவில்தான்.

கதை முடிந்ததும் நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் தொண்டை அடைத்தது. மருத்துவச்சி மட்டும் யோசனையாக இருந்தார். "கொயந்த குறுக்க கெடந்துதா, தலை பெருசா? அதச் சொல்லலியே" என்றார். நர்சுக்குத் தெரியவில்லை. "மூணு வூட்லயும் மருத்துவச்சி இருந்திருப்பா. அவங்க இன்னா பண்ணாங்கன்னு யாரும் எழுதி வெக்கல, இல்ல?"

பஸ்ஸில் திரும்பும்போது அந்த மூன்று புருஷர்களையும் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர்களுக்கு மனைவிமேல் பிரியமில்லை என்று சொல்ல முடியுமா? நடுராத்திரியில் வெள்ளைக்காரன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்களே. மனைவியைத் தன்னில் பாதியாக நினைத்தவர்கள்தான். என் மானம் அவள் மானம், எனக்குக் கூச்சமாக இருப்பது அவளுக்கும் கூச்சம். பாதி உடம்பு நான்தானே, என் முடிவே அவள் முடிவு. மூன்று வீட்டில் ஒரு வீட்டிலாவது உள்ளே போய், "டாக்டர் ஆம்பளையாம், பரவாயில்லையா?" என்று அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டிருப்பார்களா? கேட்டிருந்தால் அவர்களே மாட்டேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், காலம் அப்படி. ஆனால் கேட்டதாக அந்தக் கதையில் இல்லை.

ஐடாவுக்கும் அந்தப் பெண்களுக்கும் ஒட்டோ உறவோ இல்லை. நிறம் வேறு, மதம் வேறு, வாழ்க்கை வேறு. அவர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. எங்கள் மருத்துவச்சியைப் போலவே பிரசவ வலியை அறியாதவர். 'என்னைப் போல' என்கிற வாசல் வழியாக அவரால் அந்தப் பெண்களிடம் போயிருக்க முடியாது. அவருடைய மதத்திலும் அயலானைத் தன்னைப் போல நேசி என்றுதான் கட்டளை இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அவர் கிளம்பியது தன்னைப் பார்த்து அல்ல, அந்த மூன்று பிணங்களைப் பார்த்து என்றே எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் லேகிய பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மருமகனிடம் சொன்னேன். அவர் வக்கீல், சும்மா விடுவாரா? "அத்தை, என்னைக் கேட்டுச் செய்யணும்னு நான் விரும்பறேன். அப்போ மத்தவங்களையும் கேட்டுச் செஞ்சா, அதுதானே தன்னைப் போல நடத்தறது? உங்க ஆயா அதைச் சரியாச் செய்யலை, அவ்வளவுதான்" என்றார். வாதம் சரி. ஆனால் ஆயாவுக்கு அப்படி ஒரு ஆசை எங்கிருந்து வரும்? ஒன்பது பிரசவத்திலும் அவளிடம் ஒருவர்கூட 'எங்கே வலிக்கிறது' என்று கேட்டதில்லை. தன்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றாத ஒருத்தி, தன்னையே அளவாக வைத்துப் பிறருக்கு அளந்தால் அதுதான் வரும். கூலி கொடுக்க, சோறு போட, புடவை எடுக்க அந்த அளவு போதும். ஆயா அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. வலிக்கிற உடம்புக்குப் பக்கத்தில் அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. மருமகன் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

என் மகளுக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் பிரசவமானது ஒரு ஆஸ்பத்திரியில்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. மாட்டுவண்டியில் செத்த பெண்ணை நினைத்தால் இதற்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். 108-ஐக் கூப்பிட்டால் வண்டி வருகிறது. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் ஏழைத் தாய்மாருக்கு 18,000 ரூபாய் உதவி இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் கூட ஒரு பெண் இருக்கலாம் என்றும் வழி செய்திருக்கிறார்கள். இத்தனை இருந்தும், மகள் வலியில் கத்தியபோது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது: "நானும் ரெண்டு பெத்தவதாம்மா. நாங்க இப்படியா கத்துனோம்?" சொன்னவர் நல்ல மனுஷி. ராத்திரி முழுக்கக் கண்விழித்து வேலை பார்த்தவர். டீ வாங்கிக் கொடுத்தால் காசு நீட்டுவார். என் ஆயாவேதான், வெள்ளை யூனிபார்மில்.

நான் மகளிடம் குனிந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். முதுகில் என்றாள். நீவிவிடலாமா என்றேன். வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இரு என்றாள். எனக்கு நீவிவிட்டால்தான் இதமாக இருந்தது, அவளைப் பெறும்போது. கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டமென்று அன்றுதான் தெரிந்தது.

மருத்துவச்சி வேலூரிலிருந்து வந்து இன்னும் சில வருஷம் இருந்தார். கட்டியை எடுத்துவிட்டார்கள். ஊரில் அவர் பெயரில் ஒரு கல்வெட்டும் கிடையாது. பெருமுக்கல் மலையில் சோழன் கொடுத்த நிலத்துக்குக் கல்வெட்டு இருக்கிறது. இத்தனை உயிரை வெளியே எடுத்துவிட்ட கைக்கு ரேஷன் கார்டைத் தவிர எழுத்தில் ஒன்றுமில்லை.

திண்டிவனம், மயிலம், மரக்காணம் பக்கத்து ஊர்களில் வீட்டுப் பிரசவம் பார்த்த கிழவிகள் ஒருவர் இருவர் இன்னும் இருப்பார்கள். எண்பது தாண்டியிருக்கும், காது மந்தமாக இருக்கும். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள். குறுக்கே கிடந்த பிள்ளையை எப்படித் திருப்பினார்கள், பெண் பிறந்தால் என்ன கூலி கிடைத்தது, எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் விட்டார்கள், எந்த வாசல் வழியாக அனுப்பினார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போன் இருந்தால் பதிவு செய்யுங்கள். அவர் பெயரைத் தவறாமல் முதல் வரியில் எழுதுங்கள்.